தாராவி: இரும்பு ஏணிக்கு மேலே ஒன்றேகால் கிலோ

மும்பை சென்ட்ரல் லைனில் தாதரை அடுத்து மாட்டுங்கா, மாட்டுங்காவை அடுத்து சயான். ஸ்டேஷனுக்குக் கிழக்கே, அம்பேத்கர் சாலையில் இருக்கிறது லோக்மான்ய திலக் மாநகராட்சிப் பொது மருத்துவமனை. இந்த முழுப்பெயரை யாரும் சொல்லிக் கேட்க முடியாது. டாக்ஸிக்காரர் முதல் தக்காளி விற்பவர் வரை எல்லோருக்கும் அது 'சயான் ஆஸ்பத்திரி'தான். ஸ்டேஷனுக்கு மேற்கே இறங்கினால் தாராவி. நடுவே இருப்பது தண்டவாளங்கள் மட்டும். ஆஸ்பத்திரி வாசலிலிருந்து தாராவியின் முதல் சந்துக்கு நடந்தே போய்விடலாம்.

தாராவியைத் தமிழர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 'நாயகன்', 'காலா' என்று சினிமா காட்டியது கொஞ்சம். திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கம் போனால், "எங்க மாமா தாராவியிலதான் இருக்காவ" என்று சொல்லாத ஊரே குறைவு. நூறு வருடங்களுக்கு முன்பே தோல் பதனிடும் வேலைக்காக அங்கே போனவர்கள் நம்மவர்கள். 1913-ல் கட்டிய பிள்ளையார் கோயில் இருக்கிறது. தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய பெரிய மசூதி இருக்கிறது. காமராஜர் பெயரில் பள்ளிக்கூடம் இருக்கிறது. விடியற்காலையில் அலுமினியக் குண்டானைத் தலையில் வைத்துக்கொண்டு மும்பையின் மூலை முடுக்குக்கெல்லாம் போகும் இட்லியில் பாதி, இங்கே ஊற்றியதுதான்.

பரப்பு இரண்டு சதுர கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். மக்கள்தொகை ஆறு லட்சம் என்பார்கள், பத்து லட்சம் என்பார்கள். யார் எண்ணுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. தாராவியைச் சுற்றிக்காட்ட வெளிநாட்டுப் பயணிகளை அழைத்துப் போகும் நிறுவனங்கள்கூட இருக்கின்றன. பிளாஸ்டிக் பிரிக்கும் பதிமூன்றாம் காம்பவுண்ட், தோல் பை விற்கும் கடைகள், குஜராத்திலிருந்து வந்த குயவர்களின் கும்பார்வாடா என்று அந்தச் சுற்றுலா முடிந்துவிடும். அந்தப் பாதையில் வராத ஒரு பயணம் உண்டு. சயான் ஆஸ்பத்திரியின் பச்சிளங்குழந்தை வார்டில் பல வாரங்கள் கிடந்து, ஒரு வழியாக வீடு திரும்பும் குழந்தையின் பயணம்.

பிறக்கும்போது 2,500 கிராமுக்குக் குறைவாக இருந்தால் எடை குறைந்த குழந்தை. இந்தியாவில் நூறு குழந்தைகளில் 18 பேர் இப்படிப் பிறப்பதாக ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அதிலும் 1,500 கிராமுக்குக் குறைந்தால் 'மிகக் குறைந்த எடை'. ஒன்றேகால் கிலோ என்றால் எவ்வளவு என்று கையில் உணர வேண்டுமா? வீட்டில் வாங்கும் ஒரு லிட்டர் பால் பாக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதோடு ஒரு தம்ளர் பால். அவ்வளவுதான் குழந்தை. தோல் மெழுகுத்தாள்போல இருக்கும். உறிஞ்சத் தெரியாது. மூச்சுவிட மறந்துபோகும். தன் உடம்புச் சூட்டைத் தானே காப்பாற்றிக்கொள்ளாது.

இந்தக் குழந்தைகளுக்காகத்தான் சயான் ஆஸ்பத்திரி ஒரு காரியத்தைச் செய்தது. 1989-ல் அங்கே தாய்ப்பால் வங்கி தொடங்கியது. ஆசியாவிலேயே முதலாவது. தொடங்கியவர் டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ். பிற்பாடு அந்த மருத்துவமனையின் டீனாகவும் இருந்தவர். குறைமாதக் குழந்தைகள் கிருமித் தொற்றில் அடுத்தடுத்து இறந்துகொண்டிருந்த காலம் அது. புட்டிப்பாலை நிறுத்தினார். நர்ஸுகள் போதவில்லை என்றதும் தாய்மாரையே வார்டுக்குள் அழைத்துவந்து, கை கழுவக் கற்றுக்கொடுத்து, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வைத்தார். தாய்க்குப் பால் வராத குழந்தைகளுக்கு என்ன செய்வது? அதற்குத்தான் வங்கி. பால் கூடுதலாகச் சுரக்கும் தாய் கொடுப்பதை, அவருக்கு எச்.ஐ.வி., மஞ்சள்காமாலை போன்றவை இல்லையென்று ரத்தப் பரிசோதனையில் உறுதிசெய்துகொண்டு, 62.5 டிகிரி சூட்டில் அரை மணி நேரம் வைத்து, கிருமி இல்லையென்று பார்த்து, உறையவைத்து எடுத்துவைக்கிறார்கள். கொடுப்பவரும் பெரும்பாலும் இன்னொரு ஏழைத் தாய்தான். பக்கத்துக் கட்டிலில் இருப்பவர்.

அந்தப் பாலை எதில் புகட்டுவது என்பதில் நமக்குப் பெருமைப்பட ஒரு விஷயம் இருக்கிறது. உறிஞ்சத் தெரியாத குழந்தைக்கு இந்திய மருத்துவமனைகளில் பயன்படுத்தும் மூக்கு வைத்த சின்னக் கிண்ணத்தின் பெயர் பாலாடை. நம் பாட்டிகள் வைத்திருந்த அதே பாலாடை. மருத்துவ ஆய்விதழ்களிலும் ஆங்கில எழுத்தில் 'பாலாடை' என்றே அச்சாகிறது. மராத்திக்கார நர்ஸும் பிகார்காரத் தாயும் அந்தச் சொல்லைத் தமிழென்று தெரியாமலே சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

பால் ஒருபுறம் என்றால், மறுபுறம் நெஞ்சு. 1978-ல் கொலம்பியா நாட்டுத் தலைநகர் பொகோட்டாவில் எட்கர் ரே என்ற மருத்துவர், இன்குபேட்டர் போதாத வார்டில் தாயின் மார்போடு குழந்தையைக் கட்டிவிட்டார். கங்காரு முறை என்று உலகம் அதற்குப் பெயர் வைத்தது. டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனை உட்பட ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வு 2021-ல் வெளியானது. 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த குழந்தைகளைப் பிறந்த உடனேயே நெஞ்சோடு அணைத்து வைத்தால், உடல்நிலை சீரான பிறகு தொடங்குவதைவிட இறப்பு கால்பங்கு குறைகிறது என்றது அது. இதற்கு மின்சாரம் வேண்டாம், மெஷின் வேண்டாம். ஒரு நாளில் இயன்றவரை அதிக மணி நேரம், வேறு வேலை இல்லாமல், ஒருத்தி சாய்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். வார்டில் அது நடந்துவிடும். நாளுக்கு இருபது கிராம், முப்பது கிராம் என்று குழந்தை ஏறும். 1,600, 1,700 கிராம் ஆகி, பாலும் நன்றாக இறங்கினால் டிஸ்சார்ஜ் பேச்சு வரும்.

இனிதான் தாராவி.

சயான் ஸ்டேஷன் பக்கமிருந்து தெற்கே இறங்குகிறது தொண்ணூறடி சாலை. பெயர்தான் தொண்ணூறு அடி. கைவண்டி, டெம்போ, காய்கறி, செல்போன் கடை, நகைக்கடை எல்லாம் போக, நடப்பவர்களுக்கு மிஞ்சுவது மூன்றடி. தமிழ்ப் பலகைகள் கண்ணில் படும். பொங்கலன்று இதே சாலையில் வரிசையாகப் பானை வைப்பார்கள். சாலையை ஒட்டிய கும்பார்வாடாவில் வீடுகளுக்கு நடுவிலேயே சூளைகள். பழைய பஞ்சும் துணிக்கழிவும் எரிகிற புகை சந்துகளில் தங்கும். வளர்ந்தவர்களுக்கே கண் எரியும். வாரக்கணக்கில் ஆக்ஸிஜனில் இருந்து, நுரையீரல் இன்னும் ஆறாத ஒரு குழந்தைக்கு அது என்ன செய்யும் என்று தனியே சொல்ல வேண்டாம்.

சாலையிலிருந்து சந்துக்குள் திரும்பினால் வானம் ஒரு கோடு. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். இங்கே ஓர் அறைக்குப் பெயர் 'கோலி'. பத்துக்குப் பத்து, அல்லது பத்துக்குப் பதினைந்து. அதன் மூலையில் சின்ன மேடு கட்டிய இடம் 'மோரி'. குளிப்பது, பாத்திரம் கழுவுவது எல்லாம் அங்கேதான். கீழ் அறையில் வீட்டுக்காரர். மேலே தகரமோ ஆஸ்பெஸ்டாஸோ போட்டு எழுப்பிய அறையில் வாடகைக்காரர். மேலே போக, சுவரோடு செங்குத்தாக நிற்கும் இரும்பு ஏணி. பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, சில இடங்களில் ஒரு கயிறு.

வாடகை குறைவு என்பதால் புதிதாகக் குடும்பம் தொடங்கியவர்கள்தான் பெரும்பாலும் மேலறையில் இருப்பார்கள். அதாவது, பிள்ளை பெறும் வயதில் இருப்பவர்கள். சிசேரியன் தழும்பு ஆறாத ஒரு பெண், நெஞ்சில் ஒன்றேமுக்கால் கிலோ குழந்தையோடு அந்த ஏணியில் ஏறுவதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஒருமுறை அல்ல. தண்ணீர் குழாயில் வருவது சில மணி நேரம்தான். அந்த நேரத்துக்குள் பிடித்து மேலே ஏற்றியாக வேண்டும். கழிப்பறை சந்துக்கோடியில், பொதுவில். காலையில் வரிசை. இறங்குவதும் ஏறுவதுமாக எத்தனை முறை! 'நாள் முழுக்க நெஞ்சோடு வைத்திருங்கள்' என்று வார்டில் சொன்னது, ஏணியின் இரண்டாவது படியிலேயே கழன்றுவிடுகிறது. மே மாதத்தில் தகரத்தின் கீழ் குழந்தைக்கு வேர்த்துக் கொட்டும். ஜூலையில் நான்கு சுவரும் ஈரம்.

பிறகு வேலை. தாராவிப் பெண்களில் வீட்டில் சும்மா இருப்பவர் குறைவு. அப்பளம் இட்டு மூங்கில் கூடைமேல் காயவைப்பது, சேலைக்கு ஜரிகை வேலை, சட்டைக்குப் பொத்தான் கட்டுவது என்று எண்ணிக்கைக்குக் கூலி வாங்கும் வேலைகள். மகப்பேறு விடுப்பு என்ற சொல்லுக்கு இங்கே இடமில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கும் ஒரு காலைப்பொழுது, ஒருநாள் கூலி.

குழந்தை ஏன் இவ்வளவு எடை குறைந்து பிறந்தது என்பதற்கான காரணங்களும் இதே சந்துகளில்தான் கிடக்கின்றன. ரத்தசோகை, சின்ன வயதுக் கல்யாணம், அடுத்தடுத்த பிரசவம், சுமந்த குடங்கள், காசநோய். கூடவே மிஸ்ரி. புகையிலையைக் கருக வறுத்துப் பொடித்துப் பல் தேய்க்கும் பழக்கம் அது. பசியை அடக்கும் என்பதால் பெண்களிடம் பரவலாக உண்டு. மும்பையில் செய்து 2004-ல் வெளியான ஓர் ஆய்வில், புகையில்லாப் புகையிலை பயன்படுத்திய தாய்மாரின் குழந்தைகள் சராசரியாக 105 கிராம் குறைந்து பிறந்தது தெரிந்தது. மூன்று கிலோ குழந்தைக்கு 105 கிராம் பெரிதில்லை. ஒன்றரைக் கிலோவை எட்டுமா என்று இருக்கும் குழந்தைக்கு, அது வார்டில் கூடுதலாகச் சில நாள்கள்.

இப்படி வளரும் குழந்தைகள் பின்னாளில் எப்படி இருப்பார்கள்? மும்பைக்குப் பக்கத்திலேயே பதில் தேடியிருக்கிறார்கள். புனே கே.இ.எம். மருத்துவமனையில் டாக்டர் சுதா சௌத்ரி, 1987 முதல் 1989 வரை இரண்டு கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தைகளைப் பதிவுசெய்து, அவர்களுக்குப் பதினெட்டு வயதாகும்வரை விடாமல் பின்தொடர்ந்தார். இந்தியாவில் அப்படிப் பொறுமையாகச் செய்த வேலை அரிது. பெரும்பாலானவர்கள் படித்தார்கள், வளர்ந்தார்கள். அறிவுத்திறனில் மற்றவர்களைவிடச் சற்றுப் பின்தங்கியும் இருந்தார்கள். அந்த இடைவெளியில் பிறந்த எடைக்கு இருந்த பங்கைப்போலவே, தாயின் படிப்புக்கும் வீட்டு வசதிக்கும் பெரிய பங்கு இருந்தது.

அமெரிக்காவில் 1985-ல் எட்டு ஊர்களில் எடை குறைந்து பிறந்த 985 குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பகுதியினருக்கு மட்டும் வீட்டுக்கே ஆள் போய்ச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு வயதிலிருந்து மூன்று வயதுவரை நல்லதொரு குழந்தைகள் மையத்தில் சேர்த்தார்கள். மூன்று வயதில் அவர்களின் அறிவுத்திறன் மதிப்பெண், மற்றவர்களைவிடக் கூடியிருந்தது. இரண்டு கிலோவுக்கு மேல் பிறந்தவர்களுக்கு 13 புள்ளிகள்; அதற்கும் கீழே பிறந்தவர்களுக்கு ஏறக்குறைய 7. மிகச் சிறிய குழந்தைகளுக்குப் பலன் பாதிதான். இதே குழந்தைகளின் விவரங்களை வைத்து ஜீன் ப்ரூக்ஸ்-கன், கிரெக் டங்கன் முதலானோர் 1993-ல் இன்னொன்றைச் சொன்னார்கள். ஒரே அளவு வருமானமுள்ள குடும்பங்களில்கூட, வசதியானவர்கள் அதிகம் வசிக்கும் தெருவில் இருக்கும் குழந்தை முன்னால் போகிறது. வீட்டுக்குள் எவ்வளவு இருக்கிறது என்பதோடு, வாசலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்பதும் சின்னக் குழந்தையின் மூளைக்குத் தெரிகிறது.

வசதியான அண்டைவீடு தாராவிக்குக் கிடையாது. ஆனால் அண்டைவீடு உண்டு. மேலறைப் பெண் தண்ணீர் பிடிக்க இறங்கினால், எதிர் வீட்டுக்காரி கேட்காமலேயே குழந்தையை வாங்கி நெஞ்சில் போட்டுக்கொள்வாள். கங்காரு முறையைத் தாய்தான் செய்ய வேண்டும் என்றில்லை. அப்பா, பாட்டி யாரும் செய்யலாம். ஏழெட்டுப் பேர் எட்டிக் கூப்பிடும் தூரத்தில் இருப்பதென்பது, ஃப்ளாட்டில் கதவைச் சாத்திக்கொண்டு தனியே அழும் தாய்க்குக் கிடைக்காத சலுகை. ஏழ்மையை அழகாக்கிச் சொல்வதற்காக அல்ல இது. இருப்பதையும் கணக்கில் எழுத வேண்டும் அல்லவா?

மருத்துவமனையில் உயிர்பிழைத்த குழந்தைகள் வீட்டுக்குப் போய் நலிவதைக் கண்டு, வார்டுக்கு வெளியே வேலை செய்யத்தான் டாக்டர் ஃபெர்னாண்டஸ் 1999-ல் 'ஸ்நேஹா' அமைப்பைத் தொடங்கினார். அதன் பெண்கள் தாராவியில் வீடுவீடாகப் போகிறார்கள். அங்கன்வாடிகளோடு சேர்ந்து குழந்தைகளை நிறுத்துப் பார்க்கிறார்கள். அறுபதடி சாலையில் மாநகராட்சியின் நகர்ப்புற சுகாதார மையம் இருக்கிறது. மக்கள் அதற்கு வைத்த பெயர் 'சோட்டா சயான்', சின்ன சயான். தடுப்பூசிக்கும் சின்னச் சின்ன உபாதைக்கும் அங்கேயே போய்விடலாம். பெரிய சயானுக்குப் போக வேண்டியது முக்கியமான சில நாள்களில்தான்.

அந்த நாள்கள்தான் தவறக்கூடாதவை. குறைமாதக் குழந்தையின் விழித்திரையில் ரத்தக்குழாய்கள் கோணலாக வளர்ந்து பார்வையே போய்விடக்கூடும்; பிறந்து நான்கு வாரத்துக்குள் கண் டாக்டர் ஒருமுறை பார்த்துவிட வேண்டும், பிறகு அவர் சொல்கிறபடி திரும்பத் திரும்ப. உரிய நேரத்தில் லேசர் செய்தால் கண் தப்பும். இரண்டு வாரம் தள்ளிப்போனால் போனதுதான். காது மூன்று மாதத்துக்குள். வளர்ச்சியைப் பார்ப்பது இரண்டு வயதுவரையாவது தொடர வேண்டும்.

இங்கேதான் வயதுக் கணக்கு பெரியவர்களைக் குழப்பும். "ஏழு மாசமாவுது, இன்னும் குப்புற விழலியே?" என்று கேட்காத ஆச்சி இல்லை. "பத்து வாரம் முந்திப் பொறந்த புள்ள ஆச்சி. நாம எண்ணுத மாசம் வேற, அதுக்கு உண்டான மாசம் வேற. இப்ப அதுக்கு நாலரைதான்" என்று தமிழ் தெரிந்த ஊழியர் சொன்னால் ஆச்சிக்குப் புரியும். தடுப்பூசிக்கு மட்டும் பிறந்த தேதியை வைத்தே எண்ண வேண்டும் என்று அடுத்த மூச்சில் சொன்னால், மறுபடியும் குழப்பம்தான். இந்தியில் எழுதிய அட்டையைக் கொடுத்து அனுப்பிவிட்டால் இதெல்லாம் நடக்காது. யாராவது ஏணி ஏறி வந்து, உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

தமிழ்க் குடும்பங்களுக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு: ஊர். பிள்ளை பெற்றவளை அம்மா வீட்டுக்கு அனுப்புவது நம் வழக்கம். அவளுக்கு ஓய்வும் சோறும் கிடைக்கும், அது நல்லதுதான். ஆனால் திருநெல்வேலிக்கு ரயிலில் ஒன்றரை நாள் பயணம். கண் பரிசோதனைத் தேதி சயானில் எழுதியிருக்கும். குழந்தை அம்பாசமுத்திரத்தில் இருக்கும். போகிறவர்கள் டிஸ்சார்ஜ் காகிதத்தை எடுத்துப்போய் நெல்லை அரசு மருத்துவமனையில் காட்டினால் போதும். பலர் அதைப் பெட்டியில் பத்திரமாக வைத்துவிடுகிறார்கள், நகைச்சீட்டுபோல.

தாராவி மாறப்போகிறது. 2004-லிருந்து பேச்சாக இருந்த மறுசீரமைப்புத் திட்டத்தின் ஏலத்தை 2022-ல் அதானி குழுமம் எடுத்தது. சந்து சந்தாகக் கணக்கெடுப்பு நடந்தது. விதி இதுதான்: 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருக்கும் குடும்பத்துக்கு, தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு இலவசம். உள்ளேயே கழிப்பறை, குழாயில் தண்ணீர். சூளைப் புகையும் இருக்காது. ஒரு சின்னக் குழந்தைக்கு இதைவிட என்ன வேண்டும்! 2011-க்குள் வந்தவர்களுக்கு இரண்டரை லட்ச ரூபாய்க்கு வீடு, தாராவிக்கு வெளியே. அதற்குப் பிறகு வந்தவர்களுக்கும், எத்தனை வருடம் ஆகியிருந்தாலும் மேலறையில் குடியிருப்பவர்களுக்கும், வாடகை கட்டிக் கட்டிச் சொந்தமாக்கிக்கொள்ளும் வீடு. அதுவும் வெளியே.

வெளியே என்றால் எங்கே? முலுண்ட், பாண்டுப், காஞ்சூர்மார்க் பக்கத்து உப்பளங்கள், தேவ்னாரின் குப்பைமேடு என்று பெயர்கள் வந்தன. குப்பைமேட்டை அள்ளிச் சுத்தம் செய்துவிட்டுத்தான் கட்டுவோம் என்கிறார்கள். வீடு இப்போதைய மேலறையைவிட எல்லா வகையிலும் நல்லதாகவே இருக்கும். இரும்பு ஏணி இருக்காது. எதிர் வீட்டுக்காரி யாராக இருப்பாள், சோட்டா சயான் போல ஒன்று எத்தனை வருடம் கழித்து வரும், வார்டிலிருந்து வீட்டுக்கு வந்து பார்ப்பது யார் என்பதையெல்லாம் கணக்கெடுப்புப் படிவத்தில் கேட்கவில்லை.

முலுண்டில் ஏறினால் நாஹுர், பாண்டுப், காஞ்சூர்மார்க், விக்ரோலி, காட்கோபர், வித்யாவிஹார், குர்லா. எட்டாவதாக சயான். காலை எட்டு மணி லோக்கலில், லேடீஸ் கம்பார்ட்மென்ட்டில், நெஞ்சோடு கட்டிய இரண்டு கிலோ குழந்தையோடு ஏறுவது எப்படியிருக்கும் என்று மும்பையில் இருக்கும் உங்கள் சொந்தக்காரரிடம் கேட்டுப் பாருங்கள்.